உரல் உடைந்தது, தட்டு தப்பியது: வெள்ளவத்தைக் குசினியில் பாஸ்தா

போன வெள்ளிக்கிழமை போயா விடுமுறை. பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் நாலு பேரும் நாங்களே பிடித்த பாஸ்தா சாப்பிட்டோம். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இது ஆறாவது முயற்சி. முதல் முயற்சி தைப்பொங்கல் கழிந்த கிழமை நடந்தது. இடையில் ஒன்பது மாதம், ஒரு மர இடியப்ப உரல், மூன்று கிலோவுக்குக் கிட்ட மா, ஏழு முட்டை, அம்மாவின் பொறுமையில் பாதி எல்லாம் போய்விட்டன.

மகளுக்கு பாஸ்தா என்றால் உயிர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதிச் சாமான்கள் எல்லாம் கூடவே ஏறின. டொலர் பிறகு இறங்கியது, பாஸ்தா இறங்கவில்லை. நான் வாங்குகிற கடையில் அரைக் கிலோ பெட்டி இப்போது 800 ரூபாவுக்குக் குறையாது. பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தால் உள்ளே இருப்பது கோதுமையும் தண்ணீரும். மாவையும் தண்ணீரையும் குழைத்துப் பிழிந்து இரவுச் சாப்பாடாகச் சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள். எங்களுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் மூன்று தோல்விக்கும் அந்த நினைப்புத்தான் காரணம்.

முதல் முறை மா எடுத்தது அம்மாவின் பேணியிலிருந்து. அம்மா யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் கோதுமை மாவை எப்போதும் அவித்து, சூட்டோடு அரித்துப் பேணியில் போட்டு வைப்பார். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான். அவருக்கு இன்றைக்கும் அது ‘அமெரிக்கன் மா’. நான் அதில் 200 கிராம் நிறுத்து, நடுவில் குழி பறித்து இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் குழைத்தேன். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வட இத்தாலிக் கணக்கு. கணக்கு சரி, மா பிழை. பத்து நிமிடம் குழைத்தும் அது ஒன்றாகத் திரளவே இல்லை. அழுத்தினால் ஒட்டியது, இழுத்தால் உதிர்ந்தது. இன்னொரு முட்டை சேர்த்தேன். களிமண் போல ஆனது. போத்தலால் உருட்டித் தட்டையாக்கி நாடா நாடாக வெட்டினேன். கையில் தூக்கும்போதே பாதி அறுந்தது. மிச்சத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு உப்புப் போத்தலை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது சட்டியில் கஞ்சி.

அம்மா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, அவிச்ச மாவில என்னத்துக்கு உதைச் செய்யிறாய்? அவிச்சா மாவில இழுவை இருக்காது. அதுக்குத்தானே அவிக்கிறது.”

அந்த ஒரு வசனத்தை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருந்தால் ஒன்பது மாதம் இரண்டு மாதமாகியிருக்கும். கோதுமையில் இருக்கிற பசைச் சத்து தண்ணீர் பட்டால் றப்பர் போல இழுபடும். அந்த இழுவை புட்டுக்கு எதிரி. புட்டு உதிர வேண்டும், இடியப்பம் லேசாகப் பிழிபட வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் ஆவியில் வைத்து அந்தச் சத்தைச் சாகடித்துவிட்டுத்தான் சமைக்கத் தொடங்குகிறார்கள். பாஸ்தா கொதிநீரில் கரையாமல் நிற்பது அதே இழுவையால். ஆனால் அன்றைக்கு எனக்கு விளங்கியது ‘பச்சை மா எடுக்கவேண்டும்’ என்பது மட்டும்தான்.

இரண்டாம் முறை பச்சை மா எடுத்தேன். கை பழக்கத்தில் கேத்தலை அடுப்பில் வைத்தது. கொதிநீர் ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டினேன். மா பஞ்சு போலக் குழைந்தது. ஆவியில் சாகடிக்காததைக் கொதிநீரில் சாகடித்திருக்கிறேன் என்று அப்போது தெரியாது. உரலில் போட்டுப் பிழிந்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. என்ன அழகான நூல்! மகள் படம்கூட எடுத்தாள். தண்ணீரில் போட்ட ஒரு நிமிடத்தில் நூல் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, வெளிப்பக்கம் கூழாகிவிட்டது. மிஞ்சிய மாவை வீணாக்க மனமில்லாமல் தட்டில் பிழிந்து ஆவியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் நன்றாக அவிந்து வந்தது. கொஞ்சம் சவ்வுத்தன்மை இருந்தாலும் சாப்பிடலாம்.

“உதுக்குப் பேர் இடியப்பம்,” என்றார் அம்மா. சொதி வைத்துத் தந்தார். சாப்பிட்டோம்.

மூன்றாம் முறைக்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். உரலால் பிழிகிற பாஸ்தா இத்தாலியிலும் இருக்கிறது. வெனிஸ் பக்கத்தில் பிகோலி என்று ஒரு தடித்த நூல். அதைப் பிழிகிற உரலை ஒரு வாங்கிலில் பூட்டியிருக்கும். ஆள் அந்த வாங்கிலிலேயே ஏறி உட்கார்ந்து திருகைச் சுழற்ற வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தபோதே எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும்: ஏன் திருகு, ஏன் ஏறி உட்காருகிறார்கள்? வரவில்லை. பச்சை மா 300 கிராம், பச்சைத் தண்ணீர் 120 கிராம். கல் மாதிரி ஒரு உருண்டை. சந்தையில் 950 ரூபாவுக்கு வாங்கிய மர உரலில் அதை அடைத்து, உரலை இரண்டு கதிரைகளுக்கு நடுவில் தாங்க வைத்து, மேல்கட்டையில் என் 78 கிலோவையும் கொடுத்தேன். அச்சுத் துளைகளில் மா ஒரு நெல்லளவு எட்டிப் பார்த்தது. பிறகு டப் என்று ஒரு சத்தம். உரல் வாயிலிருந்து அடிவரை நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

நல்லவேளை, அது அம்மாவின் பித்தளை உரல் அல்ல. அம்மா அதை அன்றைக்கே துணியில் சுற்றித் தன் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இடியப்பம் தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும், திரும்பிப் போகும். இன்றுவரை அந்த நடைமுறை தொடர்கிறது.

உரலை ஒட்டப் பார்த்தேன். மரப்பசை பூசி, கயிற்றால் இறுக்கி இரண்டு நாள் வைத்தேன். ஒட்டியது. ஆனால் சாப்பாட்டுச் சாமான், உள்ளே பசை, மேலே ஆவி. யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது அது பேனை வைக்கிற குவளையாக மகளின் மேசையில் இருக்கிறது.

அப்புறம் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். புறக்கோட்டையில் 1,800 ரூபா. இந்த ஒன்பது மாதத்தில் உருப்படியாகச் செலவழித்த காசு அது ஒன்றுதான். அதுவரை சமையலறைத் தராசு என்று நான் வைத்திருந்தது ஊசி ஆடுகிற பழைய தராசு. 20 கிராம் கூடக் குறையக் காட்டும். நாலு கிராம் தண்ணீரில் மாறிவிடுகிற வேலைக்கு அது உதவாது.

நாலாம் முறை வெசாக் விடுமுறை. உரலை மறந்து மறுபடி முட்டைக்கு வந்தேன். பச்சைக் கோதுமை மா 200 கிராம், இரண்டு முட்டை, கோதோடு நிறுக்கவில்லை, உடைத்து ஊற்றிய பிறகு 106 கிராம். பத்து நிமிடம் உள்ளங்கை அடியால் தள்ளித் தள்ளிக் குழைத்தேன். முதல் நாலு நிமிடம் முரட்டுத்தனம், ஆறாம் நிமிடம் அடங்குகிறது, ஒன்பதாம் நிமிடம் காதுச் சோணையைத் தொடுவது மாதிரி இருக்கும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டேன். இந்த அரை மணி நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் உருட்டியது உருட்டியபடி சுருங்கி வந்துவிடும். கண்ணாடிச் சோடாப் போத்தலைக் கழுவி, அதால் உருட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தால் கைரேகை தெரியுமளவுக்கு மெல்லிசு. மா தூவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் வெட்டினேன். கொதிநீரில் இரண்டரை நிமிடம்.

வந்தது! நாடா நாடாக, அறுபடாமல், கடிக்கும்போது ஒரு எதிர்ப்போடு. உள்ளியும் தக்காளியும் வதக்கிக் கிளறிச் சாப்பிட்டோம். மகள் இரண்டாம் முறை கேட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. பெட்டிப் பாஸ்தா போலக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று மறுநாள் அதே அளவில் இன்னொரு தரம் குழைத்து, வெட்டி, மா தூவி, உடுப்புக் காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டேன். எங்கள் வீடு மரைன் டிரைவ் பக்கம், மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் கடல். அது கேட்க நன்றாக இருக்கும். வைகாசியில் அந்த யன்னலால் வருவது காற்று பாதி, தண்ணீர் பாதி. உப்புப் போத்தலில் அரிசி போட்டாலும் உப்புக் கட்டியாகிற வீடு.

நிறுத்துப் பார்த்ததால் நடந்தது என்ன என்று எண்ணில் சொல்லலாம். தொங்கவிடும்போது 306 கிராம். கடை மாவிலேயே 14 வீதம் வரை ஈரம் இருக்கும். முட்டையில் முக்கால்வாசி தண்ணீர். அதைக் கழித்துப் பார்த்தால், கெடாமல் இருக்க இது 225 கிராமுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கழித்து 262. இரண்டு நாள் கழித்து 248. மூன்றாம் நாள் காலையில் நிறுக்கத் தேவை இருக்கவில்லை. கொடியில் ஒட்டியிருந்த மடிப்புகளில் பச்சையாகப் பூஞ்சணம். ஒரு நாடாவைத் தூக்கினால் நாலு சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டேன். முட்டை சேர்த்த மாவை கொழும்பு வெக்கையில் மூன்று நாள் வெளியே விட்டதே பிழை. பூஞ்சணம் வராமல் இருந்திருந்தால் அதைச் சமைத்து மகளுக்குக் கொடுத்திருப்பேன், அதை நினைத்தால்தான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. முட்டை போட்டால் அன்றைக்கே சாப்பிடுவது, இல்லாவிட்டால் மா தூவி உறைபெட்டியில் வைப்பது. வேறு பேச்சு இல்லை.

முட்டையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடமாட்டார். முட்டையும் மச்சம்தான். எனக்கு நேரம் கிடைக்கிற விடுமுறைகளில் பாதி வெள்ளியில் வந்து விழுகின்றன. வீட்டில் ஒரு ஆள் சாப்பிட முடியாத சாப்பாட்டுக்கு அரை நாள் மினக்கெடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முட்டை இல்லாத பாஸ்தா தென் இத்தாலிக்காரரின் வேலை. தியூரம் என்கிற வன்கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும். காய்ந்த பாஸ்தாவை அந்தக் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கே பலசரக்குக் கடையில் கிடைக்கிற ரவை அது இல்லை, நிறத்தைப் பார்த்தாலே தெரியும். தியூரம் ரவை மஞ்சளாக இருக்கும், எங்களுடையது வெள்ளை. அசல் ரவை ஒன்றிரண்டு பெரிய கடைகளில் இருக்கிறது. அந்த விலைக்குப் பெட்டிப் பாஸ்தாவையே வாங்கிவிட்டுப் போகலாம். ஆகவே உப்புமா ரவை.

ஐந்தாம் முறை ரவையைப் பையிலிருந்து அப்படியே எடுத்துக் குழைத்தேன். அது பற்றி எழுத அதிகம் இல்லை. மணல். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, ஒட்டவே இல்லை, ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகு உப்புமாவுக்கும் ரொட்டிக்கும் இடையில் ஏதோ ஒன்றாக ஆனது. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு ரொட்டியாகத் தட்டிவிட்டோம். நல்ல ரொட்டி.

இனி ஆறாவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாராவது செய்து பார்க்கக்கூடும்.

ரவை 320 கிராம் எடுத்து மிக்ஸியில் 80 கிராமாக நாலு தரம், ஒவ்வொன்றும் 40 விநாடி அரைத்தேன். ஒரே தரமாகப் போட்டால் மேலே உள்ளது அரைபடாது, கீழே உள்ளது சூடேறும். அரைத்ததை அம்மாவின் மா அரிதட்டில் அரித்தேன். விழுந்தது 240 கிராம், மேலே நின்ற கப்பி 80 கிராம். கப்பி மறுநாள் உப்புமாவுக்குப் போனது. அந்த 240உடன் பச்சைக் கோதுமை மா 160 கிராம் சேர்த்தேன். வன்கோதுமையில் இருக்கிற இழுவை எங்கள் ரவையில் கிடைக்காது என்று பயந்து சேர்த்த பங்கு அது. தண்ணீர் 190 கிராம், விரலை விட்டால் சூடென்று சொல்லமுடியாத இளஞ்சூடு. அதற்கு மேல் போகக்கூடாது. கேத்தல் பக்கம் கை போகும்போதெல்லாம் இரண்டாம் முயற்சியை நினைத்துக்கொண்டேன். உப்பு மாவில் இல்லை, கொதிநீரில்.

குழைக்க 12 நிமிடம். ரவை மா முதலில் சொரசொரவென்று இருக்கும், தண்ணீர் போதாது என்று தோன்றும். ஊற்றக்கூடாது. ஈரத்துணியால் மூடி 40 நிமிடம் விட்டு, திரும்பத் தொட்டுப் பாருங்கள், அதுவாகவே மிருதுவாகியிருக்கும்.

முதலில் செய்ய நினைத்தது ஒரெக்கியெத்தே. பேரின் பொருள் சின்னக் காது. சுண்டுவிரல் தடிப்பில் கயிறாக உருட்டி, சின்னத் துண்டாக வெட்டி, மொட்டைக் கத்தியால் பலகையில் இழுத்து, பெருவிரலில் கவிழ்த்துத் தொப்பி போல எடுக்க வேண்டும். இருபது செய்தேன். ஐந்து காது மாதிரி இருந்தது, மிச்சம் காதைப் பொத்தி அறை வாங்கிய மாதிரி. பலகை வழுவழுவென்று இருந்ததால் துண்டு உருளாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மகள் சலித்துப்போய் ஒரு துண்டை எடுத்து, பக்கத்தில் கழுவிக் காயவைத்திருந்த இடியப்பத் தட்டின்மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தித் தள்ளினாள். துண்டு தன்பாட்டில் சுருண்டு உருண்டு வந்தது. உள்ளே குழி. வெளியே தட்டின் வரி வரியாகப் பதிந்த தடம். ஒரு சின்னச் சங்கு.

அந்தத் தட்டு இப்போது கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் தட்டு இல்லை. ஊரிலிருந்து அம்மா கொண்டு வந்தது, ஈர்க்கால் பின்னியது, ஓரம் கறுத்துப் போயிருக்கும். ஈர்க்குகள் நெருக்கமாக, ஒவ்வொன்றும் முதுகு உருண்டு நிற்பதால் மா ஒட்டாது, ஆனால் பிடிபடும். பிளாஸ்டிக் தட்டிலும் செய்து பார்த்தேன். அதில் வரி ஆழமில்லை, மா துளைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தாலியின் சார்டினியாத் தீவில் இப்படித்தான் செய்வார்களாம். மல்லொரெட்டுஸ் என்று பேர், சின்னக் கன்றுக்குட்டி என்று அர்த்தம். ரவை மாத் துண்டைப் பின்னிய கூடையின் அடியில் அழுத்தி உருட்டி எடுப்பது அங்கே பழைய முறை. ஒன்பது மாதம் நான் உரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், தேவைப்பட்டது உரலுக்குக் கீழே கிடந்த தட்டு.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இஞ்ச தா மோனை. நீ உருட்டு, நான் தள்ளுறன்.”

அம்மாவின் கை வேகத்துக்கு நான் உருட்டிக் கொடுக்க முடியவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து தள்ளினார். அவர் பெருவிரலின் பக்கவாட்டைப் பாவிக்கிறார், நுனியை அல்ல. நுனியால் அழுத்தினால் நடு ஓட்டையாகிவிடும். நானும் அப்படிச் செய்து பார்த்தேன், வந்தது. கயிறு ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு, வெட்டுவது ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளம். ஒன்று ஒன்றரைக் கிராம் வரும். மகள் எண்ணினாள்: 387. மூன்று பேருக்கும் முக்கால் மணி நேரம். பிடித்ததைச் சுளகில் ரவை தூவிப் பரப்பினோம். ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரிய சட்டியில் 5 லீற்றர் தண்ணீர், 50 கிராம் உப்பு. உப்பைப் பார்த்து மனைவி பதறினாள். வடித்து ஊற்றுகிற தண்ணீர்தானே என்று சமாதானம் சொன்னேன். காயவைக்க 90 கிராம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இரண்டு பங்காகப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் மிதந்தன. கொழுக்கட்டை மிதந்தால் வெந்துவிட்டது என்று பழகிய வீடு இது. அம்மா “எடு எடு” என்கிறார். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளைப் பொட்டு, பச்சை மா. ஐந்தாம் நிமிடமும் பொட்டு இருந்தது. ஏழாம் நிமிடம் மறைந்தது. ஏழு என்று எழுதி வைத்தேன்.

கறி என்று சொல்ல ஒன்றுமில்லை. தென் இத்தாலியில் கைப்பான ஒரு கீரையையும் உப்பில் போட்ட நெத்தலியையும் சேர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் நெத்தலி இல்லை. கீரைக்கு முருங்கையிலை இரண்டு பிடி, பாஸ்தா வேகிற தண்ணீரிலேயே கடைசி இரண்டு நிமிடம். தாச்சியில் நாலு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், உள்ளி எட்டுப் பல் சீவியது, செத்தல் மிளகாய் நாலு கிள்ளியது. உள்ளி சிவக்க விடக்கூடாது. ஒலிவ் எண்ணெயிலும் ஒருநாள் செய்து பார்த்தேன், முருங்கையிலைக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. வடித்த பாஸ்தாவையும் முருங்கையிலையையும் போட்டு, அவித்த தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றிப் பெரிய நெருப்பில் ஒரு நிமிடம் பிரட்டினால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து மினுமினுவென்று ஒரு குழம்பு பிடிக்கும். அந்தக் குழிகளுக்குள் அது போய் உட்காரும். இடியப்பத் தட்டின் வரிகளுக்கு வேலை இங்கேதான்.

மேலே தூவ சீஸ் வாங்கவில்லை. சீஸ் வாங்க வழியில்லாத தெற்கத்தி வீடுகளில் உலர்ந்த பாணைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவுவார்கள். இங்கே பாண் தூளுக்குப் பஞ்சமா? இரண்டு நாள் பழைய பாண் நாலு துண்டைக் கையால் உதிர்த்து, ஒரு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, அரைத் தேசிக்காயின் தோலைத் துருவிப் போட்டேன். பக்கத்தில் வல்லாரைச் சம்பல். அம்மா இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார், அதுவும் தானாகவே. முருங்கையிலையில் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டிருக்கலாம் என்றார். நான் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரைவாசி அளவில் திரும்பச் செய்தேன், நெத்தலிக் கருவாட்டோடு. தலை கிள்ளி, சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, பாதியை உள்ளியோடு நசித்துச் சேர்த்து மீதியை மேலே போட்டேன். தண்ணீரில் உப்பைப் பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. பின்னேரம் முழுக்கத் தண்ணீர் குடித்தோம்.

அன்றே ஒரு சின்னப் பரீட்சையும் நடந்தது. 100 கிராம் மாக்கலவையில் 30 கிராமை எடுத்துவிட்டு குரக்கன் மா போட்டேன். குரக்கனில் இழுவையே கிடையாது. தட்டில் தள்ளும்போது ஓரம் வெடித்தது, தண்ணீரில் பாதி உடைந்தது. 15 கிராம் போட்டதில் வெடிப்பு இல்லை. மண் நிறம், லேசான கருகல் வாசம், எனக்குப் பிடித்தது. மகள் அதைத் தனியாகப் பொறுக்கி ஒதுக்கிவிட்டாள்.

செலவு: வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் ரவையும் மாவும் 140 ரூபாவுக்குள். எண்ணெய், உள்ளி, பாண், தேசிக்காய் எல்லாம் சேர்த்தாலும் நாலு பேருக்கு 400 தாண்டவில்லை. முருங்கை கீழ்வீட்டு மரம். நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அரைப்பதிலிருந்து தட்டில் போடும் வரை மூன்று மணி நேரம், அதில் 40 நிமிடம் சும்மா இருப்பது. கிழமை நாளில் இது நடக்காது. அடுத்த தரம் ரவையை ஒரு கிலோவாக அரைத்து அரித்து வைத்துக்கொள்வேன், அரைமணி நேரம் மிச்சம். தண்ணீரையும் 190இலிருந்து 185 ஆக்கிப் பார்க்க வேண்டும். கடைசி நூறு துண்டுகள் கொஞ்சம் தட்டில் ஒட்டத் தொடங்கின. அது தண்ணீர் கூடியதாலா, மழைக்கு முந்திய புழுக்கத்தாலா என்று ஒரு முறையில் சொல்ல முடியாது.

காயவைக்க ஒதுக்கிய 90 கிராமுக்கு வருவோம். இந்த முறை முட்டை இல்லை, மூட்டமும் இல்லை. யன்னலைச் சாத்தி, சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்தேன். இலக்கு 60 கிராம். சனிக்கிழமை காலையில் 74. ஞாயிறு 67. அங்கேயே நின்றுவிட்டது, அறைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு மேல் அது காயாது என்று விளங்கியது. திங்கட்கிழமை அம்மா அதைச் சுளகோடு தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். வத்தல் காயப்போடுகிற மாதிரி மேலே ஒரு மெல்லிய துணி, காகத்துக்குக் காவலாக மகள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை. கொண்டுவந்து நிறுத்தால் 61. கையால் உடைத்தால் சிப்பி மாதிரி டிக் என்று உடைந்தது. இரண்டில் வெடிப்புக் கோடு இருந்தது, வெயில் திடீரென்று பட்டதால் இருக்கும். முதலில் நிழலில் இரண்டு நாள், பிறகு வெயில் என்பது சரியான ஒழுங்கு போலத்தான் தெரிகிறது. வெயில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த 61 கிராமையும் ஒரு போத்தலில் அடைத்து, ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என் திட்டமாக இருந்தது. புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது போத்தல் வெறுமையாக இருந்தது. அம்மா பாயசம் வைத்திருந்தார். தண்ணீரில் 12 நிமிடம் அவித்து வடித்து, சவ்வரிசியோடு இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு பனங்கட்டிப் பாணியும் முதற்பாலும் விட்டாராம். கஜு நெய்யில் பொரித்தது, ஏலக்காய். ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டுப் பால் நின்றது. சேமியாப் பாயசத்தில் கடிக்க ஒன்றும் இருக்காது, இதில் இருந்தது.

“ஒரு மாதம் வச்சிருந்து பாக்கப் போறன் எண்டு சொன்னனே அம்மா.”

“பூச்சி பிடிக்கும்,” என்றார். “நீங்கள் ரெண்டு பேரும் திரும்பச் செய்யுங்கோ. ஆனா சந்தைக்குப் போனா ஈர்க்குத் தட்டு ஒண்டு பாத்து வாங்கிக்கொண்டு வா தம்பி. என்ர தட்டில மூண்டு ஈர்க்குக் குறையுது. நாளைக்கு இடியப்பம் அவிக்க வேணும்.”